நிர்மாலியமும் ஷொப்பிங் பேக்கும்

ஆலய வழிபாட்டில் பயன்படும் பொருள் ஒவ்வொன்றுக்கும் வருகின்ற வழி மாத்திரமன்றி, போகின்ற வழியும் வகுக்கப்பட்டிருக்கிறது. கற்பூரம் எரிந்து ஒன்றுமில்லாமற் போகிறது. தேங்காயின் ஒரு பாதி பிரசாதமாக வீட்டுக்குச் செல்கிறது. சிரட்டை அடுப்புக்குச் செல்கிறது. உண்ட வாழையிலை மாட்டுக்காகிறது. அபிஷேக நீர் கோமுகி வழியே இறங்கி மண்ணிற் கலக்கிறது. சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூக்களும் மாலைகளும் நிர்மாலியம் எனப் பெயர் பெறுகின்றன. அவற்றைக் கண்ட இடத்தில் எறியலாகாது, எவருடைய காலிலும் மிதிபடலாகாது, மரத்தடியிலோ ஓடுகின்ற நீரிலோ சேர்க்க வேண்டும் என்பது முன்னோர் வழக்கு.

இன்னும் ஒரு படி மேலே போய், மிச்சப்பட்ட பொருளுக்கென்றே ஒரு அதிகாரியையும் சைவம் நியமித்து வைத்திருக்கிறது. அவர்தான் சண்டேசுவரர். சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்னும் சிறுவர் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலபிஷேகம் செய்ததையும், பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையின் காலையே வெட்டியதையும் பெரியபுராணம் கூறுகிறது. அவருக்குச் சிவபெருமான் அளித்த பதவி என்ன? தமக்குச் சாத்தியவையும் படைத்தவையும் பின்னர் அவருக்கே உரியன என்பதுதான். இன்றும் சிவாலயங்களில் சண்டேசுவரர் முன்பாகவும் அம்மன் ஆலயங்களில் சண்டேசுவரி முன்பாகவும் அடியார்கள் கைகளை மெல்லத் தட்டிக் காட்டுகிறார்கள். "ஆலயத்துப் பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை" என்று கணக்கு ஒப்புவிப்பதாக அதற்குப் பொருள் சொல்வர்.

அவ்வாறு வெறுங்கையைக் காட்டிவிட்டு வெளியே வருகின்ற அடியாரின் கையில் இன்று ஒரு ஷொப்பிங் பேக் தொங்குகிறது. அர்ச்சனைத் தட்டுக்குரிய பொருட்கள் வந்ததும் அதிலேதான், பிரசாதம் போவதும் அதிலேதான். வழிபாட்டுக்குள் வந்துவிட்ட பொருட்களில் போகின்ற வழி வகுக்கப்படாத பொருள் இது ஒன்றே. மண்ணுக்குக் கொடுத்தால் மண் ஏற்பதில்லை. நீரில் விட்டால் நீர் கரைப்பதில்லை. நெருப்பில் இட்டாலோ நச்சுப் புகையாகிக் காற்றோடு சேர்கிறது. ஐம்பூதங்களும் ஏற்க மறுக்கின்ற ஒரு பொருளைக் கையிலிருந்து விட்டுவிட்டால் மாத்திரம் மனிதனுடைய கடமை முடிந்துவிடுமா என்பதே இங்கு எழுகின்ற கேள்வி.

மலையகத்துக்கு இந்தப் பை வந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. சம்பளம் போட்ட மறுநாள் அட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகிறவர்கள் வீட்டிலிருந்தே சாக்கையும் பன் பையையும் மடித்து எடுத்துச் சென்ற காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பருப்பும் சீனியும் பழைய பத்திரிகைத் தாளில் பொட்டலமாக வந்தன. தேங்காயெண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோக வேண்டும். போத்தலை மறந்தவர் எண்ணெய் இல்லாமலே வீடு திரும்புவார். அதற்கு வீட்டில் கிடைக்கும் வரவேற்பு வேறு கதை.

பின்னர் கடைக்காரர்கள் ஷொப்பிங் பேக்கைச் சும்மா கொடுக்கத் தொடங்கினார்கள். மக்கள் அதை விரும்பியதற்குச் சோம்பல் மாத்திரம் காரணமென்று சொல்வது நியாயமாகாது. மழை மலையில் கொழுந்து பறிக்கும் பெண் கைத்தொலைபேசியை நனையாமற் சுற்றி வைப்பது அதில்தான். பாடசாலைப் பிள்ளையின் கொப்பியைக் காப்பதும் அதுதான். லயத்துக் கூரைத் தகரத்தின் ஓட்டையில் திணிப்பதும் அதுதான். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட வேளையில், நிவாரண அரிசியும் பருப்பும் நனையாமல் வந்து சேர்ந்ததற்குப் பொலித்தீன் பைகளே உதவின.

வேறொரு காரணமும் உண்டு. அது வெளியே பேசப்படுவதில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு டவுனில் இறங்குபவரைத் "தோட்டக்காட்டான்" என்று கண்ணாலேயே அளந்தவர்கள் இருந்தார்கள். கடையின் பெயர் அச்சிட்ட புதுப் பையோடு பஸ் ஏறுவது அந்தப் பார்வையிலிருந்து கிடைத்த ஒரு சிறு விடுதலை. தமிழ்நாட்டிலும் மஞ்சள் துணிப் பையோடு வருபவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. அதே பையை 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசாங்கமே இயக்கம் நடத்தி மக்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பைக்குத் திரும்புங்கள் என்று மலையக இளைஞரிடம் சொல்பவர்கள், அந்தப் பையோடு ஒட்டியிருந்த அவமானத்தையும் நினைத்துப் பார்த்துப் பேசுவது நல்லது.

இந்தப் பையை முதலில் உருவாக்கியவரின் எண்ணமும் தீயதன்று. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஸ்டென் குஸ்டாவ் துலின் என்பவர் கைபிடியோடு ஒரே துண்டாக அமைந்த பையை வடிவமைத்தார். அதற்கான காப்புரிமை 1965ஆம் ஆண்டு கிடைத்தது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தந்தையார் அதனை உருவாக்கினார் என்றும், ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாவிப்பார் என்றும், மக்கள் ஒரு தடவையோடு வீசிவிடுவார்கள் என்பது அவருக்கு விநோதமாகவே தோன்றியிருக்கும் என்றும் அவருடைய மகன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பொருளைச் செய்தவர் நினைத்தது ஒன்று, அது பயன்பட்ட விதம் வேறொன்று.

இலங்கையில் இதற்கான சட்டங்களுக்குக் குறைவில்லை. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2007 ஜனவரி 1ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டது. 20 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதனைக் கடையில் நின்று அளந்து பார்ப்பவர் யார்? சட்டம் ஏட்டில் இருந்தது, பை கையில் இருந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல்களின் மூலம் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி முதலியவை தடைசெய்யப்பட்டன. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பதும் தடைசெய்யப்பட்டது. சமய விழாக்களிலே பொலித்தீன் அலங்காரம் செய்வதும் அந்தத் தடைக்குள் வருகிறது. திருவிழாத் தோரணம் கட்டும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதை அந்தந்த ஆலய நிர்வாகமே கேட்டுப் பார்க்கலாம். 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சு குழாய் ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூமாலையும் தடைப்பட்டியலிற் சேர்ந்தது.

கடைசியாக, கைபிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டிற் காட்ட வேண்டும் என்ற நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை 2025 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இதைப் பற்றி இருவகையான பேச்சு எழுந்தது. விலை வைத்தால்தான் மதிப்பு வரும் என்பது ஒரு சாராரின் பேச்சு. அதற்குச் சான்றும் உண்டு: அயர்லாந்தில் 2002ஆம் ஆண்டு ஒரு பைக்கு 15 சதம் வரி விதித்ததும் பாவனை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மற்றச் சாராரோ, வசதி உள்ளவனுக்குச் சில ரூபா ஒரு பொருட்டல்ல, இல்லாதவனுக்கு மாத்திரமே இது தண்டனை என்றார்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சமய நோக்கில் பார்த்தால் ஆழமான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தப் பை வாங்கியவருக்குச் சொந்தம். சொந்தமான பொருளை என்னவும் செய்யலாம் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வருகிறது. முன்பு சும்மா கிடைத்ததை வீசியவர் இனிமேல் விலை கொடுத்து வாங்கி வீசுவார். கேட்டால் "காசு கொடுத்துவிட்டேன்" என்பார். பரிகாரத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பழைய பிழையைத் தொடர்பவரின் மனநிலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. விலை பைகளின் தொகையைக் குறைக்கும் என்பது உண்மை. குறைந்த பிறகும் கையில் மிஞ்சுகின்ற அந்த ஒரு பைக்கு யார் பொறுப்பு என்பதை விலைச் சீட்டு சொல்லாது.

சண்டேசுவரருக்குரிய கணக்கு இங்கேதான் வருகிறது. பூவுக்குரியவர் அதைப் பறித்தவரோ வாங்கியவரோ சாத்தியவரோ எவராக இருந்தாலும், பூ வாடிய பின்பும் அதற்கு ஒரு பொறுப்பு தொடர்கிறது என்று சைவ மரபு கருதியது. உடைமை முடிகிற இடத்தில் கடமை முடிவதில்லை. ஒரு வாடிய மலருக்கே இவ்வளவு கணக்கென்றால், தலைமுறை தலைமுறையாக அழியாமற் கிடக்கும் பொருளுக்கு எவ்வளவு கணக்கு இருக்க வேண்டும்?

இந்த நியாயத்தைத் தோட்ட மக்களிடம் மாத்திரம் கொண்டுவந்து இறக்கி வைப்பது அநீதி என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். குப்பை வண்டி வராத இடத்தில் குப்பை போடாதே என்றால், போடுவது எங்கே? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிப்பார்கள். ஆனால் சபையின் உழவு இயந்திரம் தோட்ட எல்லையோடு திரும்பிவிடும். 2018ஆம் ஆண்டிற்றான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. திருத்தம் வந்தும் குப்பை வண்டியைக் காணாத லயங்கள் பல இருக்கின்றன. ஆகவே லயத்துக்குப் பின்னால் உள்ள கானில் பை விழுகிறது. இல்லையேல் ஈர விறகை மூட்ட ஒரு துண்டுப் பொலித்தீன் அடுப்புக்குள் போகிறது; அந்தப் புகையைச் சுவாசிப்பது ஒரே காம்பராவில் படுத்திருக்கும் கைக்குழந்தை. பை செய்தவரும் விற்றவரும் சட்டத்தை நடத்தத் தவறியவரும் வேறு வேறு ஊர்களில் இருக்கிறார்கள். புகை மாத்திரம் லயத்தில்.

பொறுப்பு எல்லாருக்கும் ஒரே அளவானதன்று என்பது இதனாற் புலப்படும். மிகுதியாகச் செய்தவருக்கும் மிகுதியாகச் சம்பாதித்தவருக்கும் மிகுதியான பங்கு. ஆயினும் சிறிய பங்கு பங்கே இல்லை என்று ஆகிவிடாது. ஏனெனில் கானில் விழுந்த பை கானிலேயே இருப்பதில்லை.

மலையகத்தின் நீர் எங்கே போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் படமாகக் காட்டுகிறார்கள். சிவனொளிபாத மலைச் சாரலில் தோன்றும் மஸ்கெலியா ஓயாவும், காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்பு மக்கள் குடிப்பது பெரும்பாலும் அந்தக் கங்கையை மறித்து அம்பத்தளையில் எடுக்கும் நீரைத்தான். நுவரெலியாவில் கிரகரி வாவியைத் தாண்டி இறங்கும் நானு ஓயா, கொத்மலை ஓயா வழியே மகாவலியை அடைகிறது. மகாவலியோ கோணேசர் எழுந்தருளியிருக்கும் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அணைக்கட்டுகள் தடுத்து நிறுத்துவது போக எஞ்சியது அவ்வளவு தூரமும் போகும். மேலே இருப்பவர் விட்டது கீழே இருப்பவர் வாயில். மேட்டில் வாழ்வதற்கு இப்படியொரு தனிக் கடமையும் உண்டு.

அம்மன் திருவிழாவின் தொடக்கத்தை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் நெருக்கமாக உறைக்கும். கரகம் பாலிப்பது ஆற்றங்கரையிலேதான். பூசாரியார் குளித்து, குடத்தில் அந்த ஆற்று நீரை முகந்து, வேப்பிலையும் பூவும் சாத்தி, உடுக்கை ஒலிக்க அம்மனை அழைக்கிறார். அந்த நீரில்தான் தாய் இறங்குகிறாள் என்பது நம்பிக்கை. திருவிழா முடிந்ததும் அவளை வழியனுப்பி வைப்பதும் அங்கேயேதான். ஆண்டு முழுவதும் அதே துறையில் வேலி முள்ளிலும் ஈஞ்சுப் புதரிலும் வெள்ளையும் கறுப்பும் நீலமுமாகத் தொங்குவன என்ன? கரகத்துக்கு முதல் நாள் இளைஞர்கள் சேர்ந்து துறையைத் துப்புரவு செய்கிறார்கள். பாராட்ட வேண்டிய பணிதான். அள்ளிய பைகளைச் சற்றுக் கீழே உள்ள வளைவில் கொட்டுவதும் நடக்கிறது. அந்த வளைவு அடுத்த தோட்டத்தாரின் துறையாக இருக்கக்கூடும்.

வேதனையான வேடிக்கை ஒன்றும் உண்டு. நிர்மாலியம் மிதிபடக்கூடாது என்ற பக்தியினாலேயே பலர் வீட்டுச் சுவாமியறைப் பூக்களையும் பழைய மாலைகளையும் ஷொப்பிங் பேக்கில் போட்டு, முடிச்சிட்டு, பாலத்தின் மேல் நின்று ஆற்றில் விடுகிறார்கள். பூவைத் தனியே விட்டால் ஓரிரு நாளில் நீரோடு நீராகிவிடும். பையில் கட்டியதால் அது கரையவும் முடியாமல், உலரவும் முடியாமல் உள்ளேயே அழுகுகிறது. மரியாதை செய்ய எண்ணிய கையே அந்த மலரைச் சிறை வைத்துவிடுகிறது.

வாயில்லாச் சீவன்களின் நிலை இன்னும் மோசம். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்துவிட்டதாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. உணவின் மணமும் உப்பும் ஒட்டிய பையை யானை பையென்று அறியாது. லயத்துப் பால் மாடும் அறியாது. யானைமுகனுக்கு மோதகமும் பசுவுக்கு அகத்திக்கீரையும் கொடுத்துப் புண்ணியம் தேடுபவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் துணிப் பைக்கு மாறிவிட்டால் போதுமா? இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் சாயமிடவும் நீரும் உரமும் எரிபொருளும் செலவாகின்றன. பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 தடவை பாவித்தால்தான், வளிமண்டலத்தைச் சூடாக்கும் கணக்கில், ஒருமுறை பாவித்த மெல்லிய பிளாஸ்டிக் பையை விட அது மேலானதாகும். வாரம் ஒரு முறை சந்தைக்குப் போனால் இரண்டரை ஆண்டுகள். துணியில் புண்ணியம் இல்லை, பாவிப்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருவிழாவிலும் உபயகாரர் பெயர் அச்சிட்டுப் புதிது புதிதாகத் துணிப் பை வழங்கும் வழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் ஒரு வீட்டில் ஏழு பைகள் அலுமாரிக்குள் உறங்க, எட்டாவதையும் கொடுப்பதால் ஆற்றுக்கு என்ன நன்மை? பழைய சேலையிலோ சரத்திலோ வீட்டிலேயே தைத்த பை இவை எல்லாவற்றிலும் மேல்; அதற்கெனப் புதிதாக எதுவும் விளைவிக்கப்படவில்லை.

தேயிலை நாட்டில் இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு நீலகிரி ஒரு பதில். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இங்கிருந்து கப்பலேறிய உறவினர் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் வாழ்கிறார்கள். அந்த மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டளவில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். தமிழ்நாடு முழுவதற்கும் அந்தத் தடை 2019 ஜனவரி 1ஆம் திகதிதான் வந்தது. மலை மாவட்டம் ஏறக்குறைய இருபது ஆண்டு முந்திக்கொண்டது. முழுவதும் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. மலையேறுகிற சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து இன்றும் பறிமுதல் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏழை வீட்டுக்குச் சொல்லக்கூடிய சமாதானங்கள் ஆலயத்துக்குப் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மழையில் நனைகின்ற கொப்பி ஆலயத்திடம் இல்லை. டவுனில் எவரும் ஆலயத்தைக் கேலி செய்யப்போவதில்லை. அர்ச்சனைப் பொருட்களைப் பனையோலைப் பெட்டியிலோ தட்டிலோ கொடுத்து, பூசை முடிந்ததும் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாசலில் கடை போடும் வியாபாரிகள் பெரும்பாலும் திருவிழா வருமானத்தை நம்பியிருக்கும் ஏழைகள். அவர்களைத் திடீரென்று மறித்து நிற்பதை விட, இரண்டு மாதம் முன்பே அழைத்துப் பேசி, பெட்டிகளை ஆலயமே வாங்கி இரவலாகக் கொடுப்பது முறை. திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை ஏந்தி ஆலய வீதிகளில் புல் செதுக்கிய தொண்டைக் குருபூசை தோறும் புகழ்கிறவர்கள், வீதியில் இப்போது முளைப்பது புல் மாத்திரமல்ல என்பதையும் காண்கிறார்கள்.

கடினமான இடம் அன்னதானம். நுவரெலியா, அக்கரப்பத்தனை போன்ற குளிர் மேடுகளில் வாழை செழிப்பதில்லை. இலை கீழ்நாட்டிலிருந்து வண்டியில் வர வேண்டும், வழியிலேயே பாதி கிழிந்துவிடும், விலையும் கூட. அதனாற்றான் தடை வந்த பின்பும் சில பந்திகளில் லஞ்ச் ஷீட் விரிகிறது. மிஞ்சுவது எவர்சில்வர் தட்டு. சில ஆலயங்கள் உபயகாரர் மூலம் அவற்றை வாங்கி வைத்திருக்கின்றன; வேறு சில இடங்களில் அடியார்களையே வீட்டிலிருந்து தட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாங்குவதற்குப் பணம் சேர்ந்துவிடும். மார்கழிக் குளிரில், பனிக்கட்டி போன்ற பீலித் தண்ணீரில், இரவு பத்து மணிக்கு ஐந்நூறு எச்சில் தட்டுகளைக் கழுவுவது யார் என்பதில்தான் பேச்சு நின்றுவிடுகிறது. வழக்கம்போலப் பெண்களே என்று விட்டுவிட்டால், பகல் முழுவதும் மலையில் கொழுந்து எடுத்து வந்து மடைப்பள்ளியிலும் நின்றவர்கள் அவர்கள்தான். தருமருடைய இராசசூய யாகத்தில் கண்ணபிரான் எச்சிலிலை எடுத்தார் என்றொரு கதை கூத்துகளிலும் கதாப்பிரசங்கங்களிலும் சொல்லப்படுகிறது. அந்தக் கதையைக் கேட்டுத் தலையசைக்கின்ற ஆண்கள் அன்றிரவு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பீலிக்கரைக்கு இறங்கினால், அடுத்த திருவிழாவுக்கு லஞ்ச் ஷீட் கட்டு வாங்க வேண்டிய தேவை இராது.